அமெரிக்க ராணுவ அகாடமிகளுக்கு காங்கிரஸ் நாமினேஷன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வளரும் பிள்ளை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் "நான் வெஸ்ட் பாயின்ட்டுக்குப் போகணும்" என்றால், நம் வீடுகளில் பாதிப் பேருக்கு எங்கே தொடங்குவது என்று தெரிவதில்லை. வெஸ்ட் பாயின்ட் போன்றவை படை அதிகாரிகளை உருவாக்கும் கல்லூரிகள். சாதாரணக் கல்லூரி விண்ணப்பம் பழகிவிட்டது. நாமினேஷன் என்ற சொல் வந்ததும்தான் தடுமாற்றம். இந்தப் பக்கம் அதற்காக எழுதப்பட்டது. பெற்றோர் படிக்கலாம், ஆனால் வேலையைச் செய்யவேண்டியவர் பிள்ளைதான் என்பதால் அவரும் சேர்ந்து படிப்பது நல்லது.

நாமினேஷன் கிடைத்துவிட்டால் சீட் கிடைத்த மாதிரியா?

இல்லை. அதிகம் பேர் தவறாகப் புரிந்துகொள்வது இதைத்தான். நாமினேஷன் என்பது "இவரை உங்கள் போட்டியில் சேர்த்துக்கொள்ளலாம்" என்று சட்டப்படி அனுமதி பெற்ற ஒருவர் அகாடமிக்கு அனுப்பும் பெயர். அந்தப் பெயர்களிலிருந்து யாருக்குச் சேர்க்கை உத்தரவு தருவது என்பதை அகாடமிதான் முடிவு செய்கிறது. படிப்பிலும் உடல்தகுதியிலும் எவ்வளவு சிறந்த பிள்ளையாக இருந்தாலும் நாமினேஷன் இல்லாமல் சேர முடியாது. நாமினேஷன் இருந்தும் மருத்துவச் சோதனையில் நின்றுவிட்டால் அதுவும் போயிற்று.

ஆகவே இரண்டு விண்ணப்பங்கள் ஒரே காலத்தில் ஓட வேண்டும்: ஒன்று அகாடமிக்கு, மற்றொன்று நாமினேஷன் தருபவருக்கு. ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் கெடுவைத் தவறவிடுகிறார்கள்.

ஏன் இப்படி ஒரு ஏற்பாடு?

வெஸ்ட் பாயின்ட் 1802-இல் தொடங்கியது. அதிகாரிகள் ஒரு சில குடும்பங்களிலிருந்தும் ஒரு சில ஊர்களிலிருந்தும் மட்டும் வந்துவிடக் கூடாது, நாட்டின் எல்லாப் பகுதிகளிலிருந்தும் வர வேண்டும் என்பதற்காக, தொகுதிக்கு ஓர் இடம் என்ற வழக்கத்தை காங்கிரஸ் 1843-இல் சட்டமாக்கியது. எண்ணிக்கைகள் மாறியிருக்கின்றன, அடிப்படை அப்படியே இருக்கிறது.

எந்த அகாடமிகளுக்கு இது வேண்டும்?

நான்கு அகாடமிகளுக்கு வேண்டும். நியூயார்க் மாநிலம் வெஸ்ட் பாயின்ட்டில் உள்ள ராணுவ அகாடமி, மேரிலாந்து அனாபொலிஸில் உள்ள கடற்படை அகாடமி, கொலராடோ ஸ்பிரிங்ஸில் உள்ள விமானப்படை அகாடமி, நியூயார்க் கிங்ஸ் பாயின்ட்டில் உள்ள வணிகக் கப்பல் அகாடமி. கனெக்டிகட்டின் நியூ லண்டனில் உள்ள கடலோரக் காவல்படை அகாடமிக்கு நாமினேஷன் தேவையில்லை, நேரடியாக விண்ணப்பிக்கலாம். சீருடைப் பணிதான் குறிக்கோள் என்றால் அதையும் பட்டியலில் வைத்துக்கொள்ளுங்கள். நாமினேஷன் கிடைக்காமல் போனாலும் அந்தக் கதவு மூடுவதில்லை.

யார் யாரிடம் நாமினேஷன் கேட்கலாம்?

எல்லா மாணவர்களுக்கும் திறந்திருப்பவை நான்கு: உங்கள் தொகுதியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர், உங்கள் மாநிலத்தின் இரண்டு செனட்டர்கள், துணை அதிபர். துணை அதிபருக்குத் தொகுதி கிடையாது என்பதால் நாடு முழுவதும் அவரிடம் கேட்கும். அங்கே வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் விண்ணப்பம் எளிது, போட்டுவிடுங்கள்.

நால்வரிடமும் விண்ணப்பிப்பதுதான் சரியான வழி. "செனட்டர் பெரிய ஆள், அவரிடம் மட்டும் கேட்டால் போதும்" என்று இருந்துவிடுவது பெரிய தவறு. கணக்குப் பாருங்கள்: கலிஃபோர்னியாவில் 52 தொகுதிகள், டெக்சாஸில் 38, நியூஜெர்சியில் 12. அத்தனை தொகுதிப் பிள்ளைகளும் அந்த இரண்டு செனட்டர்களிடம் மோதுகிறார்கள். உங்கள் தொகுதி உறுப்பினரிடம் மோதுவது உங்கள் தொகுதிப் பிள்ளைகள் மட்டும்.

இவை தவிர, குடும்பப் பின்னணியால் சிலருக்கு வேறு வழிகளும் உண்டு. தாயோ தந்தையோ முழுநேரப் படைப்பணியில் தொடர்ந்து 8 ஆண்டுகளாவது இருந்தால், அல்லது பணி ஓய்வு பெற்றவர் என்றால், அதிபர் நாமினேஷனுக்குத் தகுதி உண்டு. நாமினேஷனுக்கு எண்ணிக்கை வரம்பில்லை. அந்த வழியில் சேர்க்கை மட்டும் ஓர் அகாடமிக்கு ஆண்டுக்கு 100. பணியில் இறந்த அல்லது முழுமையாக ஊனமுற்ற படைவீரரின் பிள்ளைகளுக்கும், படையில் ஏற்கெனவே சேர்ந்திருப்பவர்களுக்கும், பள்ளியில் ஜூனியர் ஆர்.ஓ.டி.சி. எனும் படைப் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் தனி ஒதுக்கீடு இருக்கிறது. பள்ளியில் அந்தப் பயிற்சி இருந்தால் அதன் தலைமைப் பயிற்சியாளரிடம் 11-ஆம் வகுப்பிலேயே கேட்டுவிடுங்கள். கிங்ஸ் பாயின்ட்டுக்கு அதிபர், துணை அதிபர் நாமினேஷன் கிடையாது.

ஓர் உறுப்பினரிடம் எத்தனை இடம் இருக்கும்?

ஒவ்வொரு பிரதிநிதிக்கும் ஒவ்வொரு செனட்டருக்கும் ஓர் அகாடமியில் ஒரே நேரத்தில் தம் கணக்கில் 5 பேர் படிக்கலாம். படிப்பு நான்கு ஆண்டு என்பதால், பெரும்பாலும் ஆண்டுக்கு ஓர் இடம் காலியாகும், சில ஆண்டுகளில் இரண்டு. ஒரு காலியிடத்துக்கு உறுப்பினர் 15 பெயர்கள் வரை அனுப்பலாம்.

15 பேரில் ஒருவருக்குத்தான் இடம் என்றால் மற்ற 14 பேர் வீணா என்று கேட்பீர்கள். வீணில்லை. அந்தக் காலியிடத்தை ஒருவர் நிரப்பியதும், தகுதி பெற்ற மற்றவர்கள் தேசியக் காத்திருப்புப் பட்டியலுக்குப் போகிறார்கள். அங்கிருந்து மதிப்பெண் வரிசைப்படி அகாடமி எடுக்கும்போது அது உறுப்பினரின் ஐந்து பேர் கணக்கில் சேராது. போட்டி கடுமையான தொகுதியிலிருந்து ஒரே ஆண்டில் மூன்று நான்கு பிள்ளைகள் ஒரே அகாடமிக்குப் போக முடிவது இதனால்தான். ஆகவே பட்டியலில் பெயர் வருவதுதான் முதல் காரியம். எத்தனையாவது என்பது அடுத்தது.

முதன்மை நாமினி, மாற்று நாமினி என்கிறார்களே, அது என்ன?

பட்டியலை அனுப்ப உறுப்பினருக்கு மூன்று முறைகள் உண்டு.

பெரும்பாலானவர்கள் கையாள்வது போட்டி முறை. 15 பேரையும் வரிசைப்படுத்தாமல் அனுப்புவார்கள்; அகாடமி தன் அளவுகோலில் யார் மேலே வருகிறாரோ அவருக்கு இடம் தரும். இரண்டாவது முறையில் உறுப்பினர் ஒருவரை முதன்மை என்று குறித்து, மற்றவர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்துவார். முதன்மை நாமினி படிப்பு, உடல்தகுதி, மருத்துவம் மூன்றிலும் தேறிவிட்டால், பட்டியலில் அவரைவிட அதிக மதிப்பெண் எடுத்தவர் இருந்தாலும் அந்த இடம் அவருக்குத்தான். அவர் தேறாவிட்டால் வரிசையில் அடுத்தவர். மூன்றாவது முறை இரண்டும் கலந்தது: முதன்மை ஒருவர், மற்றவர்கள் வரிசையின்றி.

உங்கள் உறுப்பினர் எந்த முறையைப் பின்பற்றுகிறார் என்று அலுவலகத்தில் கேட்பதில் தவறில்லை. தெரிந்துகொண்டால் அகாடமி விண்ணப்பத்தில் எவ்வளவு கவனம் வைக்க வேண்டும் என்பது புரியும். போட்டி முறை என்றால் அகாடமி கோப்பில் ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் வரும். வெஸ்ட் பாயின்ட்டின் மதிப்பீட்டில் படிப்புக்கு 60 விழுக்காடு, தலைமைப் பண்புக்கு 30, உடல்திறனுக்கு 10.

தெரிந்தவர் மூலம் சொல்லிவைத்தால் நடக்குமா? கட்சிக்கு நன்கொடை?

நடக்காது, முயலவும் வேண்டாம். எந்தக் கட்சிக்கு வாக்களிக்கிறீர்கள் என்பது கேட்கப்படாது. உறுப்பினர் அலுவலகத்தின் தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிகாரிகள், அகாடமிப் பட்டதாரிகள், பள்ளி முதல்வர்கள் போன்ற தன்னார்வலர்கள். "எங்கள் நிறுவனத் தலைவருக்கு செனட்டரைத் தெரியும்" என்பதெல்லாம் அந்த அறைக்குள் எடுபடாது. சொன்னால் பிள்ளைக்குக் கெட்ட பெயர்தான் மிஞ்சும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று: அலுவலகத்துக்குப் பெற்றோர் தொலைபேசியில் பேசாதீர்கள். "விண்ணப்பம் வந்ததா?" என்று கேட்பதாக இருந்தாலும் பிள்ளையே பேசட்டும், பிள்ளையே மின்னஞ்சல் எழுதட்டும். நம் வீடுகளில் அப்பா முன்னால் நின்று பேசுவது அன்பு. அங்கே அது "இந்தப் பிள்ளைக்கு இதில் உண்மையான விருப்பம் இருக்கிறதா?" என்ற கேள்வியை எழுப்பிவிடும். நாளை முப்பது படைவீரர்களுக்குப் பொறுப்பேற்கப் போகிறவர் தன் விண்ணப்பத்துக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தானே.

எங்களிடம் கிரீன் கார்டு மட்டும்தான் இருக்கிறது. பிள்ளை விண்ணப்பிக்கலாமா?

சேரும் நாளில் பிள்ளை அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். கிரீன் கார்டு போதாது. எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் குடும்பத்துக்கானது) இருக்கும் பிள்ளைக்கு இந்த வழி இல்லை. விண்ணப்பிக்கும்போதே குடியுரிமை வேண்டும் என்று சில உறுப்பினர் அலுவலகங்கள் கேட்கின்றன.

இங்கே தமிழ்க் குடும்பங்கள் கவனிக்கவேண்டிய ஒரு தேதி இருக்கிறது: பிள்ளையின் 18-ஆம் பிறந்தநாள். கிரீன் கார்டு உள்ள பிள்ளை, 18 வயதுக்குள், தன்னைச் சட்டப்படி வளர்க்கும் தாயோ தந்தையோ குடியுரிமை பெறும்போது அவரோடு அமெரிக்காவில் வசித்தால், பிள்ளைக்கும் தானாகவே குடியுரிமை வந்துவிடும். தனி விண்ணப்பமோ தேர்வோ கிடையாது. 2001 பிப்ரவரி 27 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம் இது. பிள்ளைக்கு 18 முடிந்த மறுநாள் அப்பா உறுதிமொழி எடுத்தால் அந்த வசதி கிடையாது. பிள்ளை தனியாக என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) போட்டுக் காத்திருக்க வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" என்று குடியுரிமை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடுகிற வீடுகள் இந்த ஒரு காரணத்துக்காகவாவது சீக்கிரம் முடிவெடுப்பது நல்லது.

குடியுரிமை வந்த பிறகு அதைக் காட்டும் தாள் வேண்டும். பிள்ளையின் பெயரில் அமெரிக்க பாஸ்போர்ட் எடுப்பதுதான் வேகமான வழி. என்-600 படிவம் போட்டு வாங்கும் குடியுரிமைச் சான்றிதழும் செல்லும், ஆனால் அதற்குக் காலம் பிடிக்கும்.

வேறு தகுதிகள்?

சேரும் ஆண்டின் ஜூலை 1-க்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும். திருமணம் ஆகியிருக்கக் கூடாது. பள்ளி முடித்துச் சில ஆண்டுகள் ஆகிவிட்டவர்கள் உச்ச வயது வரம்பை அந்தந்த அகாடமியின் பக்கத்தில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தத் தொகுதியில் விண்ணப்பிப்பது? நாங்கள் அடிக்கடி வீடு மாறுகிறோம்.

பெற்றோரின் சட்டபூர்வமான நிரந்தர முகவரி எந்தத் தொகுதியில் இருக்கிறதோ அங்கே. பிள்ளை வேறு மாநிலத்தில் விடுதிப் பள்ளியில் படித்தாலும் வீட்டு முகவரிதான் கணக்கு. ஒரே அஞ்சல் குறியீடு இரண்டு தொகுதிகளில் விழுவது சாதாரணம். எனவே ஐந்து இலக்கக் குறியீட்டை மட்டும் நம்பாமல், பிரதிநிதிகள் சபையின் தளத்தில் முழு முகவரியைக் கொடுத்துப் பாருங்கள். பக்கத்துத் தெரு நண்பனின் உறுப்பினர் உங்கள் உறுப்பினராக இல்லாமல் இருக்கலாம். தவறான அலுவலகத்துக்குப் போன விண்ணப்பத்தை அவர்களால் எடுத்துக்கொள்ள முடியாது.

கிங்ஸ் பாயின்ட் மட்டும் விதிவிலக்கு. அதற்கு ஒரு பிரதிநிதி தம் மாநிலத்தில் எங்கிருக்கும் மாணவரையும் நாமினேட் செய்யலாம். இடங்களும் உறுப்பினர் கணக்கில் இல்லாமல் மாநிலக் கணக்கில் போட்டியாக நிரப்பப்படுகின்றன.

எப்போது தொடங்க வேண்டும்?

11-ஆம் வகுப்பின் குளிர்கால விடுமுறை முடிந்ததுமே. அந்த ஜனவரியிலிருந்து அகாடமிகளின் கோடை முகாம்களுக்கு விண்ணப்பங்கள் வரத் தொடங்கும். முகாமுக்குப் போயே ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் அந்த வாழ்க்கை தனக்குச் சரிப்படுமா என்று பிள்ளை தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழியும் இல்லை. வசந்தத்தில் அகாடமியின் முதற்கட்ட விண்ணப்பத்தை நிரப்பி, விண்ணப்பதாரர் எண் வாங்கிவிட வேண்டும். பல உறுப்பினர் அலுவலகங்களும் அப்போதே தங்கள் படிவத்தைத் திறக்கின்றன.

கோடையில் கட்டுரைகளை எழுதி, ஆசிரியர்களிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டு முடிக்க வேண்டும். ஜூன் பிறந்தால் ஆசிரியர்கள் விடுமுறைக்குப் போய்விடுவார்கள் என்பதால், கடிதத்தை மே மாதத்திலேயே கேட்டுவைப்பது புத்திசாலித்தனம்.

12-ஆம் வகுப்பின் செப்டம்பர் முதல் நவம்பர் வரை உறுப்பினர் அலுவலகங்களின் கெடு விழும். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் ஒரு தேதி. பிரதிநிதிக்கு அக்டோபர் கடைசி என்றால் செனட்டருக்கு செப்டம்பர் நடுவிலேயே முடிந்திருக்கலாம். மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நேர்காணல். ஜனவரி 31-க்குள் உறுப்பினர்கள் பெயர்களை அகாடமிக்கு அனுப்பிவிட வேண்டும்.

விண்ணப்பக் கட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

அலுவலகத்துக்கு அலுவலகம் மாறும், ஆனால் வழக்கமாகக் கேட்பவை இவை: படிவம், பள்ளியின் அதிகாரபூர்வ மதிப்பெண் பட்டியல், எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. மதிப்பெண், செயல்பாடுகளின் பட்டியல், ஒன்றிரண்டு சிறு கட்டுரைகள், மூன்று பரிந்துரைக் கடிதங்கள், ஒரு புகைப்படம், தகவல்களைப் பகிர மாணவர் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவம், அகாடமிகளின் விருப்ப வரிசை.

கெடு நாளில் கட்டு முழுமையாக இல்லாவிட்டால் பல அலுவலகங்கள் அதைத் திறப்பதே இல்லை. பெரும்பாலும் குறைவது மாணவர் கையில் இல்லாத தாள்கள்தான்: பள்ளி நேரடியாக அனுப்பவேண்டிய மதிப்பெண் பட்டியல், ஆசிரியர் நேரடியாக அனுப்பவேண்டிய கடிதம். கெடுவுக்கு இரண்டு வாரம் முன்பு பிள்ளை அலுவலகத்துக்கு எழுதி "எது வந்திருக்கிறது, எது வரவில்லை?" என்று கேட்டுவிட வேண்டும்.

கடிதத்துக்கு ஊரறிந்த பெரியவரைத் தேடாதீர்கள். பிள்ளையைக் கால்குலஸ் வகுப்பில் ஓராண்டு பார்த்த ஆசிரியர், மைதானத்தில் தோற்ற நாளில் பார்த்த பயிற்சியாளர், கோடையில் வேலை கொடுத்தவர், இவர்கள் எழுதுவதில்தான் சேதி இருக்கும்.

விருப்ப வரிசையில் உண்மையை எழுதுங்கள். பல அலுவலகங்கள் ஒரு மாணவருக்கு ஒரே ஓர் அகாடமிக்குத்தான் நாமினேஷன் தருகின்றன. "விமானப்படைக்குப் போட்டி குறைவு" என்று யாரோ சொன்னதை நம்பி அதை முதலில் போட்டுவிட்டு, நேர்காணலில் கப்பலைப் பற்றியே பேசினால் குழுவுக்குப் புரிந்துவிடும்.

செயல்பாடுகளில் தமிழ்ப் பள்ளி, பரதம், கோயில் சேவை எல்லாம் எழுதலாமா?

தாராளமாக. ஆனால் எப்படி எழுதுகிறீர்கள் என்பதில் இருக்கிறது. "தமிழ்ப் பள்ளித் தன்னார்வலர்" என்று எழுதினால் குழுவுக்கு அது வெறும் பெயர். இப்படி எழுதிப் பாருங்கள்: "வார இறுதித் தமிழ்ப் பள்ளி, 2 ஆண்டு, ஞாயிறுதோறும் 2 மணி நேரம். முதல் நிலை வகுப்பில் 14 குழந்தைகள். ஆசிரியர் வராத நாளில் வகுப்பை நடத்தினேன். பாதியில் நின்றுபோகும் குழந்தைகளுக்காக வாசிப்புத் துணைவர் முறையைத் தொடங்கினேன்." இப்போது அதில் பொறுப்பும் தெரிகிறது, முன்முயற்சியும் தெரிகிறது.

அரங்கேற்றமும் அப்படித்தான். எட்டு ஆண்டு ஒரே ஒழுங்கில் பயிற்சி செய்த உடல் அது, மணிக்கணக்கை எழுதுங்கள்.

ஒரு குறை மட்டும் நம் பிள்ளைகளின் கோப்புகளில் தெரியும். மதிப்பெண் உச்சத்தில் இருக்கும், கணிதப் போட்டி, ரோபோட்டிக்ஸ் எல்லாம் இருக்கும். குழு விளையாட்டு இருக்காது. பள்ளி அணியில் நட்சத்திரமாக இருக்க வேண்டியதில்லை. கிராஸ் கன்ட்ரி ஓட்டம், மல்யுத்தம், நீச்சல் என்று 9-ஆம் வகுப்பிலேயே ஏதாவது ஓர் அணியில் சேர்ந்து விடாமல் இருந்தால் போதும். சிவில் ஏர் பேட்ரோல் (விமானப்படையின் துணைத் தன்னார்வ அமைப்பு), சாரணர் இயக்கம் போன்றவையும் பலம்.

நேர்காணல் எப்படி இருக்கும்?

ஒரு மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று முதல் ஐந்து பேர், இந்தப் பக்கம் பிள்ளை தனியாக. கால் மணி, இருபது நிமிடம் நடக்கும். பெற்றோர் வெளியே. சில அலுவலகங்கள் காணொளியில் நடத்துகின்றன.

முதல் கேள்வி ஏறக்குறைய எப்போதும் "ஏன் இந்த அகாடமி?" என்பதுதான். "நல்ல கல்வி, கட்டணம் இல்லை" என்று தொடங்கினால் அங்கேயே சறுக்கல். அவர்கள் தேடுவது மாணவரை அல்ல, அதிகாரியை. பட்டம் பெற்றபின் என்ன பணி செய்ய விருப்பம், அந்தப் பணியில் இருப்பவர் ஒரு நாளில் என்ன செய்கிறார் என்பது தெரிந்திருக்க வேண்டும். அடுத்து வருபவை: தலைமையேற்று ஒரு காரியம் கெட்டுப்போன சந்தர்ப்பம், அண்மைச் செய்தி ஒன்றைப் பற்றிய கருத்து, நண்பன் தேர்வில் காப்பி அடிப்பதைப் பார்த்தால் என்ன செய்வாய்.

கடைசிக் கேள்வியில் நம் பிள்ளைகள் தடுமாறுவார்கள், நட்பு பெரிது என்று வளர்ந்தவர்கள். பொய், ஏமாற்று, திருட்டு கூடாது. செய்பவரைப் பொறுத்துக்கொள்ளவும் கூடாது என்பது வெஸ்ட் பாயின்ட் மாணவர்களின் நெறி. மனப்பாடம் செய்த விடை வேண்டாம். "முதலில் அவனிடமே பேசி, அவனாகவே போய்ச் சொல்லச் சொல்வேன். சொல்லாவிட்டால் நான் சொல்வேன்" என்று தானே யோசித்துச் சொல்லும் விடைக்கு எடை உண்டு.

"கிடைக்காவிட்டால்?" என்பதும் கட்டாயம் வரும். ஆர்.ஓ.டி.சி. (சாதாரணக் கல்லூரியில் படித்துக்கொண்டே பெறும் அதிகாரிப் பயிற்சி) உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருக்கிறேன், அடுத்த ஆண்டு மீண்டும் முயல்வேன் என்பது நல்ல விடை, அது உண்மையாகவும் இருந்தால். வீட்டில் பயிற்சி கொடுக்கும்போது கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு, விடையைப் பதிவு செய்து, பிள்ளையையே கேட்கவையுங்கள். தரையைப் பார்த்துப் பேசுவது நம்மில் மரியாதை. அங்கே கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும்.

அனாபொலிஸுக்கு விண்ணப்பித்தால் புளூ அண்ட் கோல்ட் அதிகாரி ஒருவரும், விமானப்படை அகாடமிக்கு என்றால் சேர்க்கைத் தொடர்பு அதிகாரி ஒருவரும் பிள்ளையைத் தனியாகச் சந்திப்பார்கள். அது அகாடமியின் நேர்காணல். அதை முடித்துவிட்டு உறுப்பினரின் நேர்காணலும் முடிந்ததாக நினைத்துவிடாதீர்கள்.

உடல்திறன் சோதனையில் என்ன இருக்கும்?

ஆறு பயிற்சிகள், ஒன்றன்பின் ஒன்றாக: மண்டியிட்டபடி கூடைப்பந்தை ஒரு கையால் தலைக்கு மேலிருந்து எறிவது, புல்-அப், 40 கஜ ஷட்டில் ஓட்டம், ஒரு நிமிடம் வயிற்றுப் பயிற்சி, ஒரு நிமிடம் புஷ்-அப், ஒரு மைல் ஓட்டம். உடற்கல்வி ஆசிரியரோ பயிற்சியாளரோ நடத்தித் தர வேண்டும். பெற்றோர் நடத்தக் கூடாது.

தனித்தனியாக எல்லாவற்றையும் நன்றாகச் செய்யும் பிள்ளை, வரிசையாகச் செய்யும்போது சரிவதுதான் வழக்கம். புல்-அப்பில் கை சோர்ந்துவிடும், புஷ்-அப் எண்ணிக்கை பாதியாகும், மைல் ஓட்டத்தில் மூச்சு வாங்கும். எனவே வாரம் ஒரு நாளாவது ஆறையும் அதே வரிசையில், அதே இடைவெளியில் செய்து பழக வேண்டும். புல்-அப்பில் ஒவ்வொரு முறையும் கை முழுதாக நீள வேண்டும். காலை உதறி மேலே போனால் கணக்கில் சேராது. பந்தெறிதலை யாரும் பழகுவதில்லை. இடுப்பிலிருந்து திருகி எறியப் பழகினால் இரண்டே வாரத்தில் தூரம் கூடும்.

மருத்துவச் சோதனையில் எங்கே சிக்கல் வரும்?

டோட்மெர்ப் என்று அழைக்கப்படும் பாதுகாப்புத் துறையின் மருத்துவ மறுஆய்வு வாரியம் இதைப் பார்க்கிறது. அகாடமி கேட்டுக்கொண்ட பிறகு அவர்களே மருத்துவரிடம் நேரம் ஏற்பாடு செய்வார்கள். அழைப்பு வந்ததும் முதல் வாரத்திலேயே நேரம் வாங்குங்கள். பின்னால் கூடுதல் தாள் கேட்டால் அனுப்ப அவகாசம் வேண்டும்.

அடிக்கடி நிறுத்துபவை: 13-ஆம் பிறந்தநாளுக்குப் பிறகு ஆஸ்துமா, கண் பவர் பிளஸ் அல்லது மைனஸ் 8-ஐத் தாண்டுவது, கடும் உணவு ஒவ்வாமை, கவனக்குறைபாட்டுக்கு மருந்து எடுத்தது. ஆஸ்துமாவில் ஒரு நுணுக்கம். பிள்ளைக்கு 14 வயதில் சளி பிடித்து இருமல் விடாதபோது, "எதற்கும் இருக்கட்டும்" என்று மருத்துவர் இன்ஹேலர் எழுதித் தந்திருப்பார். இரண்டு வாரத்தில் சரியாகி, வீட்டில் மறந்தே போயிருக்கும். மருத்துவப் பதிவில் அது ஆஸ்துமா என்று உட்கார்ந்திருக்கும். 11-ஆம் வகுப்பிலேயே குழந்தை மருத்துவரிடம் முழுப் பதிவையும் வாங்கிப் படியுங்கள். தவறான குறிப்பு இருந்தால் நுரையீரல் சோதனை செய்து, மருத்துவரின் விளக்கக் கடிதத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.

மறைக்க வேண்டாம். தகுதியில்லை என்று தாள் வந்தாலும் அது முடிவல்ல. அகாடமி விலக்கு அளிக்கலாம். அந்த விலக்கை மாணவர் கேட்க முடியாது, அகாடமிதான் தொடங்க வேண்டும். அவர்களுக்கு வேண்டிய பிள்ளை என்றால் தொடங்குவார்கள். அரசுப் படிவத்தில் பொய் எழுதியது பின்னால் தெரிந்தால் விலக்கு கிடையாது.

உறுதிக் கடிதம் வந்துவிட்டது. இனி நாமினேஷன் வேண்டாமா?

வேண்டும். மிகச் சிறந்த விண்ணப்பதாரர்களுக்கு அகாடமி முன்கூட்டியே அனுப்பும் கடிதம் அது. "நாமினேஷனும் மருத்துவத் தகுதியும் வந்தால் உங்களுக்கு இடம் உண்டு" என்பதுதான் அதன் பொருள். வந்தவுடன் அதன் நகலை மூன்று உறுப்பினர் அலுவலகங்களுக்கும் அனுப்புங்கள்.

எந்த நாமினேஷனும் கிடைக்கவில்லை. அடுத்து?

அந்த ஆண்டு அந்த அகாடமிக் கோப்பு பெரும்பாலும் அங்கே நின்றுவிடும். ஆனால் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டே மீண்டும் விண்ணப்பிக்கலாம். அகாடமியில் படிப்பவர்களில் இப்படி வந்தவர்கள் உண்டு. கல்லூரியில் கால்குலஸ், வேதியியல், ஆங்கிலம் எடுத்து நல்ல மதிப்பெண் வாங்குங்கள்; ஆர்.ஓ.டி.சி.யில் சேருங்கள். பழைய நாமினேஷன் செல்லாது, எல்லாரிடமும் புதிதாகக் கேட்க வேண்டும்.

அகாடமியே சிலரைத் தன் ஆயத்தப் பள்ளிக்கு அழைக்கும். ஓராண்டுப் படிப்பு. அங்கே சேர நாமினேஷன் தேவையில்லை, தனி விண்ணப்பமும் இல்லை. அகாடமி விண்ணப்பத்திலிருந்தே தேர்ந்தெடுக்கிறார்கள். அழைப்பு வந்தால் கௌரவக் குறைவு என்று மறுக்காதீர்கள்.

சேர்ந்தபின் எத்தனை ஆண்டு பணி?

வெஸ்ட் பாயின்ட், அனாபொலிஸ், விமானப்படை அகாடமி மூன்றிலும் பட்டம் பெற்றபின் குறைந்தது 5 ஆண்டு முழுநேரப் பணி. விமானிகளுக்கு அதைவிட நீளும். இரண்டாம் ஆண்டு முடியும்வரை கடப்பாடின்றி விலகலாம். மூன்றாம் ஆண்டு வகுப்பு தொடங்கியதும் கடப்பாடும் தொடங்கிவிடும். நாமினேஷன் கேட்கும் முன்பே வீட்டில் இதைப் பேசி முடித்திருக்க வேண்டும். கட்டணமில்லாப் படிப்பு என்பதற்காகத் தள்ளப்பட்ட பிள்ளை முதல் கோடைப் பயிற்சியையே தாங்குவது கடினம்.

இரண்டு அகாடமிகளிலும் இடம் வந்திருக்கிறது. ஒன்றை மறுப்பது எப்படி?

முடிவு செய்த அன்றே அகாடமியின் தளத்தில் மறுத்துவிடுங்கள்; கடைசி நாளான மே 1 வரை வைத்திருக்க வேண்டாம். நாமினேஷன் தந்த எல்லா உறுப்பினர் அலுவலகங்களுக்கும் பிள்ளையே நாலு வரி எழுதி, எங்கே சேர்கிறார் என்பதைச் சொல்லி நன்றி தெரிவிக்கட்டும். உங்கள் பிள்ளை விட்ட இடத்துக்கு, அதே பட்டியலில் இருக்கும் இன்னொரு பிள்ளை காத்திருக்கிறது.